ஆஸ்திரேலிய கூட்டு வழக்கு: தம்புச் செட்டித் தெருவிலிருந்து ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. சென்னை தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீசில் 22 வருஷமாகக் குமாஸ்தா. கேஸ் நம்பர் ஆச்சா, கட்டு ரிட்டர்ன் ஆச்சா, பேட்டா கட்டியாச்சா, அடுத்த வாய்தா என்றைக்கு, இதுதான் என் உலகம். மிக்சிக்கும் பிரியாணிக் கடைக்கும் விமர்சனம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஆஸ்திரேலியாவில் பலருக்காக ஒருவர் போடுகிற கூட்டு வழக்கு முறையைப் பற்றி. காசு எடுத்துக்கொண்டு செய்து தருகிற வேலை என்றால் அதுவும் சர்வீஸ்தானே, அதற்கும் மார்க் போடலாம்.

தங்கச்சி மெல்போர்னில் இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் பீச் ஸ்டேஷன் எதிரில் நின்று அத்தோ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன். அங்கே நடுராத்திரி நெருங்கியிருக்கும், அந்த நேரத்தில் அவள் பெயர் திரையில் வந்தால் வயிற்றைக் கலக்கும்.

"அண்ணா, கோர்ட்டுல இருந்து மெயில் வந்திருக்கு. என்னை ஒரு கேஸ்ல சேத்திருக்காங்களாம். நான் எதுலயும் கையெழுத்தே போடலண்ணா."

"உன் மேல போட்ட கேஸா, நீ போட்ட கேஸா?"

"நான் போட்ட மாதிரிதான் எழுதியிருக்கு."

சரி, அனுப்பு என்றேன். ஹைகோர்ட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி படிக்க ஆரம்பித்தேன், தண்டையார்பேட்டை வருவதற்குள் முடியவில்லை, பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தை முடித்தேன். விஷயம் இதுதான்: அவள் சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கம்பெனியிடம் வாங்கிய பொருளில் குறை. அதே பொருளை வாங்கிய எல்லாருக்கும் சேர்த்து யாரோ ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார். இவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று எழுத மாட்டேன், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு தொழில்காரனாக முதலில் என்னைக் கவர்ந்தது அந்த நோட்டீசின் மொழி. எங்கள் ஆபீசில் டைப் ஆகிற நோட்டீசில் "மேற்படி"யும் "மேற்சொன்ன"வும் இல்லாத வரி கிடையாது. இதில் கேள்வி கேள்வியாகப் போட்டிருக்கிறார்கள். இது ஏன் எனக்கு வந்தது, நான் என்ன செய்ய வேண்டும், எனக்குச் செலவு ஆகுமா, எந்தத் தேதிக்குள். பத்தாவது படித்தவருக்குப் புரியும். ஆனாலும் பார்த்த உடனே மோசடி மெயில் மாதிரிதான் இருக்கிறது. அதனால் அதிலிருந்த லிங்கைத் தொடாதே, ஃபெடரல் கோர்ட்டின் (மாநில கோர்ட் இல்லை, நாடு முழுவதற்குமான கோர்ட்) சொந்த இணையதளத்துக்குப் போ, அங்கே நடப்பில் உள்ள கூட்டு வழக்குகளின் பட்டியல் இருக்கும், அதில் இந்த வழக்கு இருக்கிறதா பார் என்றேன். இருந்தது. யாருக்கு இப்படி மெயில் வந்தாலும் இதை முதலில் செய்யுங்கள்.

இனி சரக்குக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் ஃபெடரல் கோர்ட்டில் இந்த முறை 1992 மார்ச்சில் வந்தது. குறைந்தது 7 பேருக்கு ஒரே மாதிரியான அல்லது தொடர்புள்ள சூழ்நிலையில் பிரச்சினை வந்திருக்க வேண்டும், எல்லாருக்கும் பொதுவாக முக்கியமான ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த 7 பேரில் ஒருவர் முன்னால் நின்றால் போதும். மற்றவர்களிடம் சம்மதம் கேட்க வேண்டியதில்லை, பேர் தெரிய வேண்டியதில்லை, எத்தனை பேர் என்று கூடத் தெரிய வேண்டியதில்லை. வேண்டாம் என்பவர்தான் எழுதிக் கொடுத்து விலக வேண்டும். சும்மா இருந்தால் உள்ளே இருக்கிறீர்கள். ஒரு வக்காலத்தில் நாலு அண்ணன் தம்பி கையெழுத்து வாங்க வியாசர்பாடிக்கும் மணலிக்கும் மாதவரத்துக்கும் அலைந்தவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்.

இங்கேதான் தங்கச்சியின் நோட்டீசில் ஒரு சின்ன எழுத்து இருந்தது, பிரித்துப் படிக்க எனக்கு மூன்று முறை ஆனது. அவளுக்கு மூன்று வழி. தேதிக்குள் விலகலாம். தேதிக்குள் பதிவு செய்யலாம். இரண்டையும் செய்யாமல் சும்மாவும் இருக்கலாம், ஆனால் விசாரணைக்கு முன்னால் சமரசம் ஏற்பட்டால், பதிவு செய்யாதவர்களுக்குப் பணம் கிடையாது என்று உத்தரவிடும்படி இரு தரப்பும் கோர்ட்டைக் கேட்கப் போகிறார்கள். அதாவது, சும்மா இருந்தால் வழக்கில் இருப்பாள், முடிவு அவளையும் கட்டுப்படுத்தும், பிறகு தனியாக வழக்குப் போட முடியாது, ஆனால் பந்தியில் இலை இல்லாமல் போகலாம்.

இந்த மாதிரி நோட்டீஸ் அனுப்ப கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா என்பதே அங்கே பெரிய சண்டையாக இருந்தது. சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் கிடையாது என்றது. ஃபெடரல் கோர்ட்டின் முழு அமர்வு 2022இல் உண்டு என்றது. சிட்னியில் ஒரு பதில், ஃபெடரலில் ஒரு பதில். 2025 மே மாதம் லெண்ட்லீஸ் எதிர் பல்லாஸ் வழக்கில் அவர்களுடைய ஹைகோர்ட் (பெயர்தான் ஹைகோர்ட், நம் சுப்ரீம் கோர்ட் மாதிரி அதுதான் உச்சி) அதிகாரம் உண்டு என்று முடித்துவிட்டது. அவர்கள் பக்க நியாயமும் புரிகிறது. எத்தனை பேருக்குப் பணம் தர வேண்டும் என்று தெரியாமல் எந்தக் கம்பெனி சமரசத்துக்கு உட்காரும்? ஆனால் பயன்படுத்துகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால், ஒன்றும் செய்யாதவனையும் காப்பாற்றும் என்று சொல்லி விற்ற பொருளில் இப்போது ஒரு பட்டனை அமுக்கச் சொல்கிறார்கள். தங்கச்சி மாதிரி ஸ்பாம் என்று நினைத்து அழித்தவர்கள் எத்தனை பேரோ. இதற்கு ஒரு மார்க் குறைக்கிறேன்.

அடுத்து அவள் கேட்டது, "தோத்தா நம்ம காசு போகுமாண்ணா?" போகாது. அங்கே தோற்றவர் ஜெயித்தவரின் செலவைத் தர வேண்டும் என்பது பொது விதி, ஆனால் அது முன்னால் நிற்கும் அந்த ஒருவர் தலையில்தான். கூட்டத்தில் உள்ள மற்றவர்கள் தலையில் கோர்ட் அந்தச் செலவைக் கட்டக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சரி, அந்த ஒருவர் மட்டும் என்ன கோடீஸ்வரரா? அவருக்குப் பின்னால் ஒரு நிதி கம்பெனி நிற்கும். வக்கீல் பீஸ் அது தரும், தோற்றால் எதிர்த்தரப்பு செலவையும் அது ஏற்கும், ஜெயித்தால் பங்கு எடுக்கும். இந்தப் பங்குதான் இந்த சர்வீசின் விலை. கடந்த சில வருஷமாக ஆஸ்திரேலியாவில் வந்த பெரிய தீர்ப்புகளில் பாதி இந்த விலைச்சீட்டை யார் ஒட்டுவது, எப்போது ஒட்டுவது என்பதைப் பற்றியவைதான்.

எங்கள் தெருக்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும். எங்கள் அபார்ட்மெண்டில் 18 வீடு. கோடையில் தனியார் தண்ணி லாரி வரும். ஆறு வீடு காசு போடும், 18 வீடும் மோட்டார் போடும். காசு போட்ட ஆறு பேரும் அந்த வருத்தத்தை மழைக்காலம் வரை சுமப்பார்கள். கூட்டு வழக்கிலும் நிதி கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டவர் கொஞ்சம் பேர், பலன் வாங்குகிறவர் எல்லாரும். அதனால் ஒப்பந்தம் போட்டவர், போடாதவர் எல்லாருடைய பணத்திலிருந்தும் ஒரே விழுக்காடு கழித்துக்கொள்ளட்டும் என்று ஃபெடரல் கோர்ட்டின் முழு அமர்வு 2016இல் ஒரு வழி கண்டுபிடித்தது. பொது நிதி உத்தரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதி கம்பெனிகளுக்குக் கொண்டாட்டம். 2019 டிசம்பரில் ஹைகோர்ட் தண்ணி ஊற்றியது, பிஎம்டபிள்யூ எதிர் புரூஸ்டர் வழக்கில். வழக்கு ஆரம்பிக்கும்போதே இவ்வளவு பங்கு என்று எழுதிக் கொடுக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

அப்போ கடைசியில், பணம் வந்த பிறகு கொடுக்கலாமா? இந்தக் கேள்வி ஐந்து வருஷத்துக்கும் மேல் தொங்கியது. 2025 ஆகஸ்ட் 6 அன்றுதான் கெய்ன் எதிர் ஆர் அண்ட் பி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் வழக்கில் பதில் வந்தது. சமரசத்தின்போதோ தீர்ப்பின்போதோ நிதி கம்பெனிக்குப் பொது நிதியிலிருந்து பங்கு தரலாம். ஆனால் வக்கீல் ஆபீசே நிதியும் போட்டு, அதே மாதிரி பங்கு கேட்டால் ஃபெடரல் கோர்ட் தர முடியாது. வக்கீல் ஜெயித்த தொகையில் விழுக்காடு எடுப்பது அங்கே பொதுவாகத் தடை.

இது நமக்கு அந்நியமில்லை. இங்கேயும் பார் கவுன்சில் விதியின்படி வக்கீல் வழக்கின் முடிவை வைத்து பீஸ் பேசக் கூடாது, கிடைத்ததில் பங்கு கேட்கக் கூடாது. (விபத்து கேஸில் நடைமுறை என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.)

விக்டோரியா மாநிலம் மட்டும் 2020 ஜூலை முதல் தனி வழி. அங்கே மாநில சுப்ரீம் கோர்ட் (அங்கே மாநிலத்தின் பெரிய கோர்ட்டுக்கு அந்தப் பெயர்) அனுமதித்தால், கூட்டு வழக்கில் வக்கீல் ஆபீசே கிடைத்த தொகையில் விழுக்காடு எடுக்கலாம். பதிலுக்கு, தோற்றால் எதிர்த்தரப்பு செலவை அந்த ஆபீசே கட்ட வேண்டும். விழுக்காட்டைப் பிறகு மாற்றவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, விலையைப் பாருங்கள். முதல் உத்தரவு 27.5 விழுக்காடு. ஏரியம் என்ற எஃகு கம்பெனி விழுந்த வழக்கில் 40. நூறு ரூபாய் வந்தால் நாற்பது அங்கேயே போயிற்று! அந்த வழக்கை நியூ சவுத் வேல்ஸுக்கு மாற்றுங்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது, காரணம் அங்கே போனால் இந்த விழுக்காட்டு உத்தரவு செல்லாது, காசு இல்லாமல் வழக்கே படுத்துவிடலாம். 2025 மார்ச்சில் ஹைகோர்ட் மாற்ற மறுத்துவிட்டது. விழுக்காட்டு உத்தரவு இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆக இன்றைய நிலைமையில் ஒரே சரக்குக்கு இரண்டு கடையில் இரண்டு விலைமுறை, வக்கீல்கள் எந்தக் கடைக்கு முதலில் போவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விலை ஒரு பக்கம், கடைக்காரரின் நாணயம் இன்னொரு பக்கம். பேங்க்சியா என்ற நிதி நிறுவனம் 2012இல் மூழ்கியது, ரிட்டயர் ஆன பெரியவர்கள் போட்ட பணம். சீட்டுக் கம்பெனி ஷட்டரை இழுத்து மூடிய காலையில் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்த நம் ஏரியா ஆட்களுக்கு அந்த முகங்கள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அவர்களுக்காகக் கூட்டு வழக்குப் போட்ட வக்கீல்களும் நிதி போட்டவர்களும் பீஸ் கணக்கிலேயே கோர்ட்டை ஏமாற்றினார்கள் என்று விக்டோரியா சுப்ரீம் கோர்ட் 2021இல் தீர்ப்பு சொன்னது. ஏறத்தாழ 1 கோடியே 17 லட்சம் டாலர் நஷ்டஈடு, செலவு தனி. கண்டுபிடிக்கக் காரணம் முதலீடு செய்த ஒருவர் விடாமல் ஆட்சேபம் சொன்னதுதான். தங்கச்சியிடம் நான் சொன்னது, பணம் பிரிக்கும்போது இன்னொரு நோட்டீஸ் வரும், சமரசத்துக்குக் கோர்ட் ஒப்புதல் கட்டாயம், அந்த நோட்டீசில் பீஸ் பத்தியை மட்டும் நிதானமாகப் படி, பிடிக்கவில்லை என்றால் ஆட்சேபம் எழுது.

வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது. வருமானத்தைக் கம்ப்யூட்டர் தப்பாகச் சராசரி போட்டு, அரசு உதவி வாங்கிய ஏழைகளிடம் இல்லாத கடனை வசூலித்த ரோபோடெட் விவகாரத்தில் அரசாங்கமே பணத்தைத் திருப்பித் தந்தது, கடனை ரத்து செய்தது, 2021இல் கூடுதலாக 11.2 கோடி டாலர் இழப்பீடு தந்தது. அதோடு முடியாமல் 2025 செப்டம்பரில் இன்னும் 47.5 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. ஊபரை எதிர்த்து டாக்சிக்காரர்கள் போட்ட வழக்கு 2024 மார்ச்சில் 27.18 கோடி டாலருக்கு முடிந்தது. இதை எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை, "குமாஸ்தா நல்லா கதை விடுறாருப்பா" என்றார்கள். ரூபி பிரின்சஸ் கப்பல் வழக்கும் சொல்ல வேண்டியது. 2020 மார்ச்சில் சிட்னியிலிருந்து கிளம்பி கொரோனாவோடு திரும்பிய கப்பல். சில பயணிகளின் டிக்கெட்டில் கூட்டு வழக்குப் போட மாட்டேன் என்று ஒரு நிபந்தனை, அமெரிக்க நிபந்தனை. அது நியாயமற்ற நிபந்தனை, செல்லாது என்று 2023 டிசம்பரில் ஹைகோர்ட் தள்ளிவிட்டது.

வேகம்? அதில் நம்மைப் பார்த்து அவர்கள் சிரிக்க முடியாது. நம் ஊரில் அரசியல் கட்சிக்காரர்கள் ஆசையாக ஓட்டுகிற டொயோட்டா ஃபார்ச்சூனரும், ஹைலக்ஸ், பிராடோவும், டீசல் புகை வடிகட்டி அடைத்து வெள்ளைப் புகை விட்ட வழக்கு. 2,64,170 வண்டி. 2019இல் ஆரம்பித்தது. வண்டியின் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்று முதல் நீதிபதி 17.5 விழுக்காடு என்றார், மேல்முறையீட்டில் 10 ஆனது, 2024 நவம்பரில் ஹைகோர்ட் எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று சொல்லி மறுபடி கீழே அனுப்பியது. வாய்தா எல்லா ஊரிலும் வாய்தாதான்.

இப்போது நம் ஊர்ச் சரக்கோடு ஒப்பிடாமல் விட முடியாது. எங்கள் அபார்ட்மெண்ட் கட்டி ஏழாவது வருஷத்திலேயே மொட்டைமாடி ஒழுக ஆரம்பித்தது. என் வீட்டு சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே, சரியாகக் குழம்புச் சட்டியில் சொட்டும், மழை நாளில் என் மனைவி சட்டிக்கு மேல் குடை பிடித்துச் சமைத்த போட்டோ இன்னும் குடும்ப வாட்சப்பில் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 35(1)(சி): ஒரே நலன் உள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ ஆணையத்தின் அனுமதியோடு புகார் கொடுக்கலாம். சட்டம் இருக்கிறது, நான் வேலை செய்வதே வக்கீல் ஆபீசில், இனி என்ன என்று கிளம்பினேன்.

என்ன என்று 18 கதவையும் தட்டிய பிறகுதான் தெரிந்தது. ஒருவர் ஆவடிக்குப் போய்விட்டார், வாடகைக்கு இருப்பவரிடம் கேளுங்கள் என்றார். ஒருவரின் மச்சான் பில்டரிடம் சூப்பர்வைசர். ஒரு அம்மா "எங்க வீட்ல ஒழுகலியே" என்றார், அவர் தரைத்தளம். அனுமதி கிடைத்தாலும் மற்ற எல்லாருக்கும் நோட்டீஸ் கொடுக்கும் செலவு புகார் கொடுப்பவர் கையிலிருந்து. பேப்பரில் விளம்பரம் போட என்ன ஆகும் என்று விசாரித்து வந்த அன்றைக்கு எங்கள் வாட்சப் குரூப் அமைதியாகிவிட்டது. பெங்களூரில் 1,134 பிளாட் உள்ள ஒரு குடியிருப்பில் 51 பிளாட்காரர்கள் எல்லாருக்குமாகப் புகார் கொடுக்கப் போய், எல்லாருடைய நலனும் ஒன்றுதான் என்று நீங்கள் காட்டவில்லை, உங்கள் 51 பிளாட்டுக்கு மட்டும் கூட்டுப் புகாராக நடத்துங்கள் என்று 2021இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன கதையை எங்கள் சார் சொன்னார். மிச்சம் இருந்தது நாலு வீடு. நாலு பேரும் காசு போட்டு மாடிக்குத் தார் ஷீட் ஒட்டினோம். 18 வீடும் ஒழுகவில்லை.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியதே, எர்ணாவூர்க் கரையில் வாளியால் அள்ளினார்களே, அப்போதும் சரி, 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் சரி, மீனவர்கள் பெரும்பாலும் அரசாங்கம் எவ்வளவு அறிவிக்கும் என்றுதான் காத்திருந்தார்கள். ஆயிரம் பேருக்காக வழக்கைத் தூக்கிச் சுமக்கிற ஆள், அதற்குச் செலவழிக்கிற ஆள், இங்கே இல்லை. வக்கீல் அல்லாத மூன்றாம் நபர் வழக்குக்கு நிதி போடத் தடை எதுவும் தெரியவில்லை என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறது. கதவு சாத்தவில்லை, அந்தப் பக்கம் யாரும் வந்து நிற்கவும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 40 விழுக்காடு கொள்ளை என்று நான் மேலே கத்தியதை, குழம்புச் சட்டியை நினைத்தால் கொஞ்சம் வாபஸ் வாங்கத்தான் தோன்றுகிறது. எங்கள் மாடிக்கு யாராவது 40 எடுத்துக்கொண்டு 60 தந்திருந்தால் நான் மாலை போட்டிருப்பேன்.

என் மார்க்: 5க்கு மூன்றரை. நோட்டீசின் மொழிக்கு முழு மார்க். கையெழுத்து இல்லாமல் சேர்த்துக்கொள்வதற்கு முழு மார்க். பதிவு பட்டனுக்காகவும், விலை கடைக்குக் கடை மாறுவதற்காகவும், ஆமை வேகத்துக்காகவும் ஒன்றரை வெட்டு.

தங்கச்சி கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது பதிவு செய்தாள். பில் வேண்டும் என்றார்கள், பில்லைத் தேடியே மூன்று வாரம் போனது, கடைசியில் பேங்க் ஸ்டேட்மெண்ட் போதும் என்றார்கள். பதிவு எண் வந்த மெயிலை எனக்கு அனுப்பினாள். நான் அதைப் பிரிண்ட் எடுத்து, நோட்டீசின் பக்கங்களையும் சேர்த்து, மேலே அவள் பெயர் எழுதி, நாடா போட்டுக் கட்டி ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கிறேன். "அண்ணா, இங்க யாரும் பேப்பரே கேக்க மாட்டாங்க" என்றாள். தெரியும். வாய்தா போடும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.